இளவரசர் கல்யாணத்துக்கு எனக்கு வந்த பத்திரிகை

அன்புள்ள பாய்,

நேற்று மத்தியானம் ரிமோட்டுக்கு பேட்டரி தேடியபோது, பீரோவின் அடித்தட்டில் அந்தக் கவர் கிடைத்தது. மேலே உங்கள் கையால் எழுதிய என் பெயர், கோழி கிளறிய மாதிரி. ஹாலிலிருந்து என் மனைவி கத்தினாள்: "பேட்டரி கெடச்சுதா இல்லையா? பொண்ணு கார்லேருந்து எறங்கிடப் போறா!" ஏதோ ஒரு நாட்டு இளவரசிக்குக் கல்யாணமாம், டிவியில் காட்டுகிறார்கள். நான் கவரோடு கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

தாம்பரம் மார்க்கெட் பக்கம் பத்திரிகைக் கடை வைத்து ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் அழைப்பு அச்சடித்தவர் நீங்கள். அஸ்தினாபுரத்தில் நமக்கு எதிரெதிர் வீடு. உங்கள் மகன் கல்யாணத்துக்கு நானூறு கவரிலும் பெயர் எழுதியது நான். பள்ளிக்கூட அலுவலகத்தில் முப்பது வருடம் மாற்றுச் சான்றிதழ் எழுதிய கை அல்லவா? மூன்று சாயங்காலம் உங்கள் ஹாலில் உட்கார்ந்து, இஞ்சி டீ குடித்துக்கொண்டே எழுதினேன். "சார் கையெழுத்தைப் பாத்தா, வராதவனும் வந்துடுவான்" என்றீர்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு கவரை மட்டும் நான் எழுதவில்லை. என் பெயரை நானே எழுதிக்கொள்ள முடியுமா? அது அழைக்கிறவர் செய்ய வேண்டியது. நான் எழுதிய கவர்க் கட்டை எடுத்துக்கொண்டு நீங்களும் உங்கள் வீட்டம்மாவும் பொத்தேரி வரை போய் அழைத்துவிட்டு வந்தீர்கள். எதிர் வீட்டுக்கு மட்டும் வரவில்லை. தினமும் சாயங்காலம் சலவைச் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன் என்பது உங்களுக்குத் தெரியாது.

கல்யாணத்தன்று ஊரப்பாக்கம் மண்டபத்துக்கு உங்கள் வேன் கிளம்பியதை ஜன்னல் திரைக்குப் பின்னாலிருந்து பார்த்தேன்.

"கெளம்பலையா?" என்றாள் இவள்.

"பத்திரிகை வெக்காத கல்யாணத்துக்கு என் காலு போகாது."

"அப்ப உங்க காலு இங்கயே இருக்கட்டும்" என்று பட்டுப்புடவையோடு ஆட்டோ ஏறிப் போய்விட்டாள். எனக்கு வயிறு சரியில்லை என்று உங்களிடம் சொல்லியும் வைத்தாள். நான் தயிர்சாதம் சாப்பிட்டேன். அவள் ஏலக்காய் மணக்கத் திரும்பி வந்து, பிரியாணியைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாமல் என்னைக் கொன்றாள்.

மறுநாள் என் வயிற்றை விசாரிக்க இரண்டு இளநீரோடு வந்தீர்கள்.

"வயித்துக்கு ஒண்ணுமில்ல பாய். பத்திரிகைதான் வரல" என்று வெடித்தேன்.

"இன்னா சார் இது? வூட்டு ஆளுக்கு யாராவது பத்திரிகை வெப்பாங்களா?"

"ஊருக்கெல்லாம் நானூறு. எனக்கு ஒண்ணு வெக்க மனசு வரல, இல்ல?"

உங்கள் முகம் சுண்டிப்போனது. இளநீரை வாசற்படியில் வைத்துவிட்டுப் போய்விட்டீர்கள். வீம்புக்கு நான் குடிக்கவில்லை. இரண்டையும் இவள் குடித்தாள்.

அதற்குப் பிறகு நான்கு மாதம் நமக்குள் பேச்சு இல்லை. நீங்கள் வண்டியை எடுக்கும் நேரம் பார்த்து நான் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவேன். நிமிர்ந்து மட்டும் பார்க்கமாட்டேன். ஒரு வாய் டீக்கு எதிர் வீடு இல்லாமல் போனது எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பதை இப்போதாவது சொல்லிவிடுகிறேன்.

பிறகு ஒரு நாள் காலை, வெள்ளைச் சட்டையில் நீங்கள் வந்து நின்றீர்கள். பக்கத்தில் உங்கள் வீட்டம்மா, கையில் தட்டு. வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், கற்கண்டு, நடுவில் இந்தக் கவர். "குடும்பத்தோட வந்துடணும் சார்" என்று இரண்டு கையாலும் நீட்டினீர்கள். முகத்தில் ஒரு துளி சிரிப்பு இல்லை. பிரித்தேன். 'லண்டன் மாநகரில் நடைபெறும் இளவரசர் திருமணத்தை எங்கள் வீட்டு டிவியில் கண்டுகளித்து, சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து மணமக்களை வாழ்த்த வேண்டுகிறோம். இங்ஙனம், டிவி வீட்டார்.' தங்க எழுத்தில், ஒரே ஒரு பிரதி. நான் முறைப்பாக இருக்கத்தான் பார்த்தேன். இவள் சிரித்துக் காரியத்தைக் கெடுத்துவிட்டாள்.

கல்யாணம் என்றால் கல்யாணம்தான் என்று வேட்டி கட்டிக்கொண்டு வந்தேன். தெருவே உங்கள் ஹாலில் இருந்தது. "பொண்ணு கழுத்துல ஒரு பொட்டுத் தங்கம் இல்லையே" என்று இவள் உச்சுக்கொட்டினாள். "அந்தம்மா தலையில இன்னா, மீன்கூடையா?" என்றார் உங்கள் வீட்டம்மா, டிவியில் தொப்பி போட்ட விருந்தாளி ஒருத்தியைக் காட்டி. ஆட்சேபணை உள்ளவர்கள் இப்போதே சொல்லலாம் என்று பாதிரியார் கேட்கிறார் என நான் மொழிபெயர்த்ததும் நீங்கள் பதறிவிட்டீர்கள். "இதைப் போயி மைக்ல கேக்கலாமா? நம்மூர்ல கேட்டா முதல் வரிசையிலேருந்தே நாலு சித்தப்பன் எழுந்துப்பான்!" பிறகு மோதிரம் மாற்றும் நேரத்தில் டிவியை உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னீர்கள்: "எங்க சார் வீடியோக்காரன் முதுகு? அது மறைக்காம இது இன்னா கல்யாணம்?"

உங்கள் மருமகள் எனக்கு டீ கொண்டுவந்தாள். அதுவரை அவளோடு நான் பேசியதே இல்லை. "அங்கிள், கவர்ல உங்க எழுத்தைக் காட்டி எங்க அத்தாவும் அம்மாவும் எல்லாரையும் விசாரிச்சாங்க, இதை எழுதினவர் யாருன்னு. உங்களைத்தான் மண்டபத்துல காணோம்" என்றாள். "வயிறு சரியில்லம்மா" என்றேன். எல்லோரையும்விட உரக்கச் சிரித்தது நீங்கள்தான். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தப் பெண்ணின் கல்யாணத்தை நான் இனி எந்த டிவியில் பார்ப்பது?

போன வருடம் ஒரு காலையில் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில், மரண அறிவிப்பில் உங்கள் பெயரைச் சொன்னார்கள். ஒரு காலில் என் செருப்பும் மறு காலில் இவள் செருப்புமாகத் தெருவைக் கடந்தேன். வாசலில் உங்கள் மகன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "மன்னிச்சுக்கோங்க அங்கிள். எல்லாருக்கும் போன் போட்டேன். உங்களுக்குப் போடணும்னு தோணவே இல்ல. நீங்க வூட்டு ஆளுன்னு..." அன்றைக்குத்தான் பாய், அந்த வார்த்தை எனக்குப் புரிந்தது. கேட்டிலேயே நின்று அழுதேன்.

நேற்று பேட்டரி கிடைக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, "வா, எதிர் வீட்ல போய்ப் பாக்கலாம்" என்றேன்.

இவள் விடுவாளா? "பத்திரிகை வெச்சாங்களா?"

"இல்ல."

நேராக உள்ளே போய் உங்கள் நாற்காலியில் உட்கார்ந்தேன். உங்கள் மருமகள் என்னைக் கேட்காமலே டீயைக் கொண்டுவந்து வைத்தாள். டிவியில் மோதிரம் மாற்றிக்கொண்டிருந்தார்கள். "எங்கப்பா வீடியோக்காரன் முதுகு?" என்றேன். உங்கள் மகன் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அழைக்காமல் நான் போன முதல் கல்யாணம் அதுதான், பாய்.