செல் அல்ல, குமிழி

நவ. 6, வியாழன்

விடிந்ததிலிருந்து தூறல். துணி காயவில்லை. பிளஸ் ஒன் தாவரவியல் ரெக்கார்டு திருத்த இன்னும் 31 பாக்கி.

அடுத்த வெள்ளி திருப்பத்தூரில் மாவட்ட அறிவியல் கண்காட்சி. எங்கள் பள்ளியின் தலைப்பு, செல் கொள்கை. சொன்னது நான். போன மாதமே எழுதிக் கொடுத்ததும் நான். இன்று ஹெச்.எம். மேடம் சொன்னது: "ஷபானா மிஸ் பாத்துக்கட்டும். நீங்க கூட இருங்க."

கூட இருக்க வேண்டுமாம். ஆம்பூரில் இதே ஆய்வகத்தில் பதினேழு வருஷம் வெங்காயத் தோல் உரித்தவள் நான். விலங்கியலுக்கு ஜூனில் வந்த பெண் அவள்.

ஷபானாவிடம் பிடிக்காதவை: எப்போதும் சிரிப்பு. சாக்பீஸ் தூள் ஒட்டாத துப்பட்டா. இடைவேளையில் அவள் மேஜையைச் சுற்றிப் பிள்ளைகள். என் மேஜையைச் சுற்றி ரெக்கார்டு நோட்டுகள்தான்.

எழுதவே வெட்கம். ஆனாலும் உண்மை.

நவ. 7, வெள்ளி

ஷபானாவின் கணவருக்கு வாணியம்பாடியில் ஒரு தோல் தொழிற்சாலை ஆய்வகத்தில் வேலை. பதப்படுத்தாத ஆட்டுத்தோல் துண்டு ஒன்று டப்பாவில் வந்தது. "ஐயோ, நாத்தம் மிஸ்!" என்று பிள்ளைகள் மூக்கைப் பிடித்தார்கள். ஒருத்தியும் நகரவில்லை.

கண்காட்சியில் விளக்கம் சொல்லப் போவது கௌசல்யா. அவள் அம்மா ஷூ கம்பெனியில் தையல். "எங்கம்மா தெனமும் தோலுதான் தைக்குது. உள்ள இன்னா இருக்குதுன்னு பாத்ததே இல்ல மிஸ்" என்று ஷபானாவிடம் சொல்கிறாள். அந்தப் பெண்ணுக்கு ஸ்லைடு பிடிக்கக் கற்றுக்கொடுத்தவள் நான்.

நவ. 10, திங்கள்

பஜாரிலிருந்து பிளெக்ஸ் வந்துவிட்டது. நடுவில் பெரிய படம், மைக்ரோஸ்கோப் வழியாகச் செல்போனில் எடுத்தது. கீழே "ஆட்டுத்தோல் செல்கள்".

எல்லோரும் சாப்பிடப் போன பிறகு கிட்டே போய்ப் பார்த்தேன். கச்சிதமான வட்டங்கள். ஓரம் தடித்த கறுப்பு, நடுவில் பளபளப்பு. நியூக்ளியஸ் எங்கேயும் இல்லை. காலையில் அவள் போட்ட ஸ்லைடு அங்கேயே இருந்தது. அதிலும் அதே வட்டங்கள். மேலிருந்த கண்ணாடி வில்லையை ஊசி நுனியால் லேசாக அழுத்தினேன். வட்டங்கள் ஓடின. இரண்டு சேர்ந்து ஒன்றாயின.

காற்றுக் குமிழி! வருஷா வருஷம் முதல் வகுப்பில் நான் எச்சரிப்பது இதைத்தான். அவசரத்தில் வில்லையைச் சாய்த்து இறக்காமல் தட்டையாகப் போட்டிருக்கிறாள்.

எவ்வளவு சந்தோஷம் எனக்கு. சாம்பார் சாதம் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. நடுவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

நவ. 11, செவ்வாய்

பிளஸ் ஒன்னில் செல் கொள்கை நடத்தினேன். கார்க்கைச் சீவிப் பார்த்தவர் கண்டது வெறும் சுவர்கள். சின்ன அறை மாதிரி இருந்ததால் செல் என்று பெயர் வைத்தார். துணி வியாபாரி ஒருவர் தானே லென்ஸ் தேய்த்து, குளத்துத் தண்ணீரில் நீந்தும் உயிர்களைப் பார்த்தார். நூற்றைம்பது வருஷத்துக்கும் மேல் கழித்து, தாவரக்காரர் ஒருவரும் விலங்குக்காரர் ஒருவரும் சாப்பிடும்போது பேசிக்கொண்டார்கள். எல்லா உயிரும் செல்லால் ஆனது என்பது அங்கே பிடிபட்டது. ஆனால் புதுச் செல் உப்புக் கட்டி உறைவதுபோல் திரவத்திலிருந்து உண்டாகிறது என்றும் நம்பினார்கள். அது தப்பு. செல் இரண்டாகப் பிரிவதை வேறொருவர் பார்த்துச் சொன்னார். முதலில் நம்பாத இன்னொருவர், பிறகு அதையே எழுதிப் பெயர் வாங்கினார்.

"அப்ப மொதல்ல சொன்னவருக்குப் பேரு இல்லியா மிஸ்?"

"ரொம்ப நாள் இல்ல" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

நவ. 12, புதன்

தலைவலி. மதியம் ஷபானா: "மிஸ், பிளெக்ஸ் பாத்தீங்களா? ஏதாச்சும் தப்பு இருந்தா சொல்லுங்க."

"நல்லா இருக்கு."

நவ. 13, வியாழன்

ஒத்திகை. கௌசல்யா குச்சியை வைத்துக் காட்டினாள். "இது நம்ம ஊரு ஆட்டுத்தோல். இந்த வட்டம் ஒவ்வொண்ணும் ஒரு செல்." பிறகு என்னிடம் ஓடி வந்தாள். "எங்கம்மா நாளைக்கு லீவு போட்டுட்டு வருது மிஸ். இதுவரைக்கும் ஸ்கூல் பக்கமே வந்ததில்ல."

நடுவர் இந்தப் பெண்ணைத்தானே கேட்பார், அதுவும் அவள் அம்மா முன்னால்.

"அது செல் இல்ல" என்றேன்.

அவள் போட்ட ஸ்லைடை ஊசியால் அழுத்திக் காட்டினேன். ஷபானா குனிந்து வெகுநேரம் பார்த்தாள். முகம் சிவந்தது. அழுவாள் அல்லது சண்டைக்கு வருவாள் என்று காத்திருந்தேன். ஆமாம், காத்திருந்தேன்.

"கரெக்ட் மிஸ். நியூக்ளியஸே இல்லியே. எப்டி விட்டேன்!"

பிளெக்ஸ் திரும்ப அடிக்க நேரமில்லை. கிழிக்கவும் ஷபானா விடவில்லை. பக்கத்தில் ஒரு சார்ட் ஒட்டி மார்க்கரால் எழுதினாள். 'இவற்றைச் செல்கள் என்று நினைத்தோம். இவை காற்றுக் குமிழிகள்.' அதன் கீழே என் பெயர், 'கண்டறிந்தது: வியாழன்'. அதற்கும் கீழே, செல் உறைந்து உண்டாகிறது என்று நம்பிய அந்த இருவரின் தப்பும் திருத்தமும். மெல்லியதாகச் சீவிச் சாயம் ஏற்றிய புது ஸ்லைடு தயாரானபோது மணி ஐந்தரை.

என் தப்பாக இருந்தால் ராத்திரியோடு ராத்திரியாகக் கிழித்து எறிந்திருப்பேன்.

நவ. 14, வெள்ளி

திருப்பத்தூர். கூட்டம், புழுக்கம். மற்ற இடங்களில் நிற்காமல் வந்த நடுவர் எங்களிடம் நின்றார். "குமிழின்னு எப்டிம்மா கண்டுபுடிச்சீங்க?"

கௌசல்யா ஊசியை எடுத்தாள். "அழுத்தினா ஓடுது சார். செல்லு இப்டி ஓடாது." அவரும் குனிந்து அழுத்திப் பார்த்தார். "செஞ்ச தப்ப ஒட்டி வச்சிருக்கறது நீங்க மட்டுந்தான்" என்றார்.

கௌசல்யாவின் அம்மா என் வெங்காயத் தோல் ஸ்லைடில் கண்ணை வைத்தார். "இன்னாடி இது, ரூம் ரூமா கீது!" கண்ணை எடுக்கவே இல்லை.

இரண்டாம் பரிசு. மேடம் பாராட்டியது ஷபானாவை. அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள். "இவங்க பாத்த ஒடனே சொல்லிட்டாங்க மேடம். இல்லாட்டி மானமே போயிருக்கும்."

ஒடனே.

வேனில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பரிசின் மேல் இப்போது பொறாமை இல்லை. தன் தப்பைத் தன் கையாலேயே எழுத அவளால் முடிகிறதே, அதன் மேல்தான். இது முன்னதைவிட ஜாஸ்தியாக எரிகிறது.

நவ. 17, திங்கள்

வெயில். முதல் பீரியட் ஆய்வகத்தில் சார்ட்டைச் சுவரில் மாட்டினோம், நாங்கள் இருவர் மட்டும்.

"ஷபானா மிஸ், நான் வியாழக்கிழமை பாக்கல. திங்கட்கிழமையே பாத்துட்டேன்."

"புதன்கிழமை நான் கேட்டேனே?"

"கேட்டீங்க. நல்லா இருக்குன்னு சொன்னேன்."

"ஏன் மிஸ்?"

"பொறாமை."

இந்த வார்த்தையை ஒரு மனுஷியிடம் வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை. அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. நான்கு மூலையிலும் பின் குத்தி முடித்தாள். பெல் அடித்தது. பையிலிருந்து மார்க்கரை எடுத்து நீட்டினாள்.

"அப்ப நான் போட்ட கிழமை தப்பு. நீங்களே எழுதுங்க."

வியாழனை அடித்துவிட்டு எழுதினேன். பார்த்தது: திங்கள். சொன்னது: வியாழன்.

பிள்ளைகள் உள்ளே வந்துவிட்டார்கள். கௌசல்யா நேராகச் சார்ட்டிடம் போய் நின்று படிக்க ஆரம்பித்தாள்.