முதல் டம்ளர்

பதிவு 311, காலை 06:10
நிலவு, தென் துருவம், பனிச்சுரங்கம் இரண்டு. பணியில் செண்பகவல்லி, தண்ணீர் வேதியியலாளர், தனி ஆள். புதுப் பாறையிலிருந்து உருக்கிய பனி 2,400 லிட்டர். அழுத்தம் சரி. நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் குடியிருப்புக்கு, 212 பேருக்கு, வால்வு திறந்தாயிற்று. தினமும் முதல் டம்ளரை நான் கேமரா முன்னால் குடித்துக் காட்டுவது இங்கே வழக்கம். அதைப் பார்த்த பிறகுதான் அங்கே உலை வைப்பார்கள். இன்றைய காட்சி போய்ச் சேர்ந்தது.

பதிவு 311, 11:40
கைச்சோதனையில் பாதரசம். மூன்று முறை பார்த்தேன், மூன்று முறையும் வரம்பைப்போல் முப்பது மடங்கு. குடியிருப்பில் உள்ள மீட்டருக்குப் பாதரசம் பார்க்கத் தெரியாது, பச்சை விளக்குதான் காட்டும். வாரக்கணக்கில் குடித்தால் கை நடுங்கும், புத்தி தடுமாறும், சிறுநீரகம் போகும். வால்வை மூடினேன். காலையில் விட்டது இன்னும் வழிக் குழாயில்தான் நிற்கிறது, ஊர் போய்ச் சேரவில்லை.

பதிவு 311, 12:25
குடியிருப்பின் கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் பியூலாவிடம் சொன்னேன். போன மாதம் எவனோ என் குரலைப் போலியாகச் செய்து, தண்ணீர் கெட்டுவிட்டது என்று புரளி கிளப்பினான். கூட்டம் முண்டியடித்ததில் இரண்டு பேருக்குக் கால் முறிந்தது. அதிலிருந்து காலைக் காட்சியைத் தவிர எதையும் நம்பக்கூடாது என்று விதி. முகத்தைக் காட்டினேன். முகத்தையும் செய்யலாம் என்றாள்.

"செண்பகம் அக்கா குடிச்சத காலையில நாங்கல்லாம் கண்ணால பாத்தோம்லா. நீங்க யாருன்னு மொதல்ல சொல்லுங்க."

பதிவு 311, 12:50
கணினிப் பதிவையும் போலி என்பார்கள், இனித் தாளில் எழுதுகிறேன். கண்டெடுப்பவருக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். காலையில் நான் குடிக்கவில்லை. நாற்பது நாளாகவே குடிக்கவில்லை. தினமும் தலை சீவிக் கேமரா முன் நிற்கச் சலிப்பு. ஒரே பகலில் சட்டை மாற்றி மாற்றி அறுபது காட்சி எடுத்து, நாளுக்கு ஒன்று தானாகப் போகும்படி அவர்கள் கணினியில் ஏற்றிவிட்டேன். சோம்பேறி மூதேவி! தன்வினை தன்னைச் சுடும் என்பார்கள், இது ஊரையே சுடப் பார்க்கிறது.

பியூலாவிடம் இதையும் ஒப்புக்கொண்டேன். நாளைய காட்சியில் நீலச் சட்டையில் வருவேன், பார் என்றேன். காட்சியைத் திருடியவனுக்குச் சட்டை நிறம் தெரியாதா என்றாள். செண்பகம் அக்கா அப்படி ஏமாற்றுகிற ஆளே இல்லையாம். என் நல்ல பெயரே என்னைப் பொய்யாக்கிவிட்டது.

பதிவு 311, 15:30
அங்கிருந்தே வால்வு மோட்டாரை இயக்கப் பார்த்தார்கள். கம்பியை வெட்டினேன். அவர்களுடைய அவசரத் தொட்டியில் பத்து நாள் தண்ணீர் இருக்கிறது, யாரும் சாக மாட்டார்கள். திட்டட்டும். பிடிவாதம் என்றால் பிடிவாதம்தான்.

பதிவு 311, 17:05
குடியிருப்பிலிருந்து வண்டி வருகிறது. அதில் என் கணவர் சுடலைமுத்துவும் இருக்கிறார். வானொலியில் கூப்பிட்டேன். கல்யாணத்துக்கு மறுநாள் மாமனார் முன்னால் அவர் வழுக்கி விழுந்த கதையைச் சொன்னேன்.

"அதெல்லாம் எங்க வீட்டு வீடியோவுல கெடக்கு. எம்பொண்டாட்டி கொரலு எனக்குத் தெரியாதா? நீ அவ இல்ல. அவள என்ன செஞ்ச?"

அவர் அழுதார். எனக்காகத்தான் அழுகிறார், என்னிடமே. நானும் அழுதேன். பிறகு ஆத்திரம் வந்தது.

பதிவு 311, 17:48
அங்கிருந்தே என் காற்றை நிறுத்திவிட்டார்கள். வால்வைத் திறந்தால் காற்று வரும் என்கிறாள் பியூலா. திறக்க மாட்டேன் என்று மூன்று முறை சொன்னேன். தலை சுற்றுகிறது.

18:2
வண்டி வாசலில். எழுத்து கோணுகிறது. கதவை மட்டும் திறப்பேன். அவர் வந்து என் கன்னத்தைத் தொட்டுப் பார்க்கட்டும். அப்போதும் நம்பாவிட்டால் போகட்டும். வால்வின் கைப்பிடியைக் கழற்றிப் பனி எடுக்கும் துளைக்குள் போட்டுவிட்டேன், நூற்றிருபது மீட்டர் ஆழம். என்னை வெறுத்துக்கொண்டே நன்றாக இருக்கட்டும். இந்தத் தண்ணீர் ஒரு சொட்டுகூட அவர் வாயில்