கூரைக்கு வந்த பறவை

பிப்ரவரி 11, 1996

இன்று யாரும் பக்கத்தில் நின்று எழுத்து சொல்லாமல் என் பெயரை நானே எழுதினேன். மமஸோலி. ஒன்பது தடவை எழுதினேன். ஸனோபர் எட்டிப் பார்த்து, “ஆறாவதுல ஒரு எழுத்தக் காணோமே, கோழி கொத்திருச்சா?” என்றாள். பெண்டாட்டியிடம் பாடம் படித்தால் இதெல்லாம் உண்டு. இந்த நோட்டும் அவள் வாங்கித் தந்ததுதான்.

போர்க்காலத்தில் மற்ற பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள், நான் மாடு மேய்த்தேன். அதற்குப் பிறகு நாற்பது வருடம் வாய்க்கால் காவல். தண்ணீருக்கு எழுத்து எதற்கு?

எழுதக் கை வலிக்கிறது. ஆனால் இனிக்கிறது.

பிப்ரவரி 14

ஸனோபர் இன்று சுற்றி வளைத்துப் பேசினாள். சோவியத் உடைந்த பிறகு இந்த நமங்கான் ஊரில் வியாபாரம் செய்யாதவர் யார் இருக்கிறார்கள், கணக்கு வாத்தியார்கூடச் சந்தையில் சூரியகாந்தி விதை விற்கிறார் என்றாள். கடைசியில், “முப்பத்தேழு புறா மாடியில இருக்கு. நம்ம ரெண்டு பேரவிட நல்லா சாப்பிடுது” என்றாள்.

விற்பதா? சிறு வயதிலிருந்து புறா வளர்க்கிறேன். மாற்றியிருக்கிறேன், கொடுத்திருக்கிறேன், இழந்திருக்கிறேன். விற்றதில்லை. விற்கக் கூடாது என்று யாரும் சொன்னதுமில்லை. அப்படியானால் ஏன் விற்கவில்லை?

பிப்ரவரி 20

தீர்மானித்துவிட்டேன். எதை என்று நாளை எழுதுகிறேன்.

மார்ச் 3, ஞாயிறு

பறவைச் சந்தையில் கூடையோடு உட்கார்ந்தேன். மூன்று பேர் விலை கேட்டார்கள். ஒருவனிடம் இதற்கு இடது இறக்கை கொஞ்சம் மந்தம் என்றேன். அடுத்தவனிடம் இது மற்றதைக் கொத்தும் என்றேன். மூன்றாவது ஆளுக்குப் புறாவைப் பிடிக்கவே தெரியவில்லை, போகச் சொல்லிவிட்டேன்.

துர்தாலி பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். இரண்டு தெரு தள்ளி அவன் கூரை. அவனும் புறாக்காரன், பறக்கவிட்டு ஒருவர் புறாவை ஒருவர் இழுப்போம். ஐம்பது வருடமாக வானத்தில் எனக்கு எதிரி, தரையில் நண்பன். “யோவ், பொண்ணு பாக்க வந்தவங்ககிட்ட பொண்ணப் பெத்தவனே குறை சொல்லி இப்பத்தான் பாக்குறேன்” என்றான்.

சந்தையே சிரித்தது. நானும் சிரித்தேன். கூடை நிறையப் புறாவோடு வீடு வந்தேன். மகிழ்ச்சியாக இருந்தது. அது வியாபாரிக்கு வரக்கூடிய மகிழ்ச்சியா?

மார்ச் 10

விற்றேன்!

வாங்கியவன் சூஸ்த் ஊர்க் கத்திக் கொல்லன் அதில்ஜான். நாற்பது வயதிருக்கும். இறக்கையை விரித்துப் பார்த்த விதத்திலேயே தெரிந்தது, புறாக்காரன். என் கறுப்பு வால் பெண் புறா கருவாலியைக் கேட்டான். அவளை ஏன் கூடையில் எடுத்துப் போனேன் என்று எனக்கே விளங்கவில்லை. உயரத்தில் ஏழு குட்டிக்கரணம் போடுவாள், ஒவ்வொன்றுக்கும் இறக்கை கைதட்டுவது போலக் கேட்கும். ஆண் புறாவோடு ஜோடியாகக் கொடுத்தேன்.

மாவு, எண்ணெய், ஸனோபருக்குச் செருப்பு வாங்கினேன். செருப்பைக் காலில் போட்டு வீட்டுக்குள்ளேயே நடந்து பார்த்தாள். நான் மாடிக்குப் போகவில்லை.

மார்ச் 14

கருவாலி வந்துவிட்டாள்!

காலையில் கூரை விளிம்பில், ஒன்றும் நடக்காதது போல. நாற்பது கிலோமீட்டர். ஆண் சோம்பேறி, அங்கேயே தங்கிவிட்டான். கதவைத் திறந்தேன், நேராகத் தன் பொந்துக்குப் போனாள். தானியம் இரண்டு பிடி அதிகமாகவே போட்டேன்.

அப்புறம்தான் யோசித்தேன். இவள் யாருடையவள்?

இந்த ஊரில் கூரைக்கு வந்த பறவை அந்தக் கூரைக்காரனுடையது. போய்க் கேட்பது கேவலம். என் பதினோரு புறா துர்தாலியிடம் போயிருக்கிறது. ஒருநாளும் கேட்டதில்லை.

ஸனோபர், “காசக் குடுங்க, இல்ல புறாவக் குடுங்க. இதுல யோசிக்க என்ன இருக்கு?” என்கிறாள். துர்தாலி, “வானம் குடுத்தத எவனாவது திருப்பிக் குடுப்பானா?” என்கிறான்.

இரண்டும் சரியாகத்தான் இருக்கிறது. அதுதான் தொல்லை.

மார்ச் 17

மேலும் இரண்டு ஜோடி விற்றேன்.

மார்ச் 20

மூன்று பறவை திரும்பிவிட்டன. வாங்கிய இருவரும் உள்ளூர்க்காரர்கள். ஒருவரும் வந்து கேட்கவில்லை. ஆனால் தேநீர்க் கடையில் நான் உட்கார்ந்ததும் பேச்சு நின்றது. பிறகு யாரோ ஒருவன், “மமஸோலி அண்ணன் புறா விக்கல, வாடகைக்கு விடுறாரு” என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். இந்தத் தடவை என்னால் முடியவில்லை. அறுபத்தாறு வருடம் ஒரு பேர் வைத்திருந்தேன். எழுதக் கற்றுக்கொண்ட வருடத்திலா அது போக வேண்டும்?

மார்ச் 22

நேற்று நவ்ரூஸ், புத்தாண்டு. அக்கம்பக்கத்தார் கொடுத்த சுமலக், முளைக்கோதுமை இனிப்புக் கூழ், ஏழு கிண்ணம். இனித்ததா என்று ஸனோபர் கேட்டாள். தெரியவில்லை.

அதில்ஜான் வரவில்லை. வந்து கத்தினால் காசைக் கொடுத்துவிடலாம், அது வியாபாரம். அவன் வர மாட்டான். புறாக்காரன், கேட்க வெட்கப்படுவான். அவன் வெட்கத்தில் நான் லாபம் பார்க்கிறேனா? இதை எழுதியபின் என்னால் இதைப் பார்க்க முடியவில்லை. எழுத்துத் தெரியாதிருந்தால் மனதில் வந்து போயிருக்கும். இப்போது இங்கேயே கிடக்கிறது.

மார்ச் 24

உள்ளூர்க்காரர்களுக்கு மூன்றையும் நேற்றே கொண்டுபோய்க் கொடுத்தேன். இன்று பேருந்தில் சூஸ்துக்குப் போனேன். மடியில் கூடை, கூடையில் கருவாலி.

அதில்ஜான் பட்டறையிலிருந்து கரிக் கையோடு வந்தான். கூடையைப் பார்த்தான், தொடவில்லை. ரொட்டி பிட்டு வைத்தான், தேநீர் ஊற்றினான். பிறகுதான் சொன்னான்: “உங்க கூரைக்கு வந்தது உங்களோடது, அண்ணே. நான் கேட்டேனா?”

“நீ கேக்கலப்பா. அதனாலதான் வந்தேன். இது வானத்துல நடந்ததில்ல, சந்தையில நடந்தது.”

“சந்தை முறை எனக்குத் தெரியாதே.”

“எனக்கு மட்டும் தெரியுமா?”

அதில்ஜான் கூடையை மெல்லத் தன் பக்கம் இழுத்தான். தப்பு தன்னுடையது என்றான். நாள் கணக்காகக் கட்டி வைத்திருக்க வேண்டியவளை மூன்றாம் நாளே பறக்க விட்டானாம். கரணம் பார்க்கப் பொறுமையில்லையாம். என்னால் அவன்மேல் கோபப்பட முடியவில்லை. நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

காகிதம் கேட்டு வாங்கி எழுதினேன். ‘இறக்கையை நூலால் கட்டு. ஆண் பக்கத்திலேயே இருக்கட்டும். இவள் உன் வீட்டில் குஞ்சு பொரிக்கும் வரை திறந்துவிடாதே. மமஸோலி.’ தேநீர் ஆறிப்போகும் அளவுக்கு நேரம் ஆனது. அதில்ஜான் வாய்விட்டுப் படித்தான். ஸனோபரைத் தவிர வேறொருவர் என் எழுத்தைப் படித்தது அதுதான் முதல் தடவை. ஒரு சொல்லில்கூட அவன் தடுமாறவில்லை.

வெளியே வந்து, கூடை இவ்வளவு லேசாக இருக்கிறதே என்று நினைத்தேன். காலிக் கூடை லேசாகத்தான் இருக்கும். இது தெரிய இத்தனை வயதா?

ஏப்ரல் 7

இனிமேல் வானம் பார்க்காத குஞ்சுகளை மட்டும்தான் விற்பது. என் கூரை தெரியாதது எப்படித் திரும்பும்? ஒவ்வொன்றோடும், எப்படிப் பழக்குவது என்று எழுதிய ஒரு காகிதம். துர்தாலி, “பொறாவுக்குக் கல்யாணப் பத்திரிகையா?” என்றான். பிறகு மெதுவாக, தான் விற்கப்போகும் குஞ்சுகளுக்கும் நான்கு எழுதித் தரச் சொன்னான்.

ஏப்ரல் 28

பதினாறு காகிதம் எழுதினேன். கை வலி.

மே 19

சூஸ்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள், அதில்ஜான் அனுப்பியதாக. அடுத்துப் பொரிக்கப்போகும் குஞ்சுகளுக்கு இப்போதே சொல்லி வைத்துவிட்டார்கள். கருவாலி இரண்டு குஞ்சு பொரித்தாளாம். போன வாரம் கட்டை அவிழ்த்துவிட்டானாம்.

பிறகு? என்று கேட்டேன்.

“ஊரே அண்ணாந்து பாத்துச்சு. ஏழு கரணம். அப்புறம் நேரா அவன் கூரைக்கே எறங்கிருச்சு.”

நான் எழுதியபடியே நடந்திருக்கிறது. பெருமையாகத்தான் இருந்தது. தேநீர் ஊற்றும்போது கோப்பை நிறைந்ததைக் கவனிக்கவில்லை.

மே 26

நல்ல வியாபாரம். ஸனோபர் புதுச் செருப்போடு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள். சாயங்காலம் தானியம் எடுத்துக்கொண்டு மாடி ஏறி வந்தவள், எல்லாப் பறவையும் அடைந்த பிறகு கருவாலி இருந்த பொந்து மட்டும் ஏன் திறந்தே இருக்கிறது என்று கேட்டாள்.

காற்றுக்கு என்றேன்.