நாற்பது கப்பல் விறகுக்கு வெண்டிரை நாட்டின் மறுமொழி

நாற்புறமும் கடல் காக்கும் வெண்டிரை நாட்டின் அரசி, அலைவாய்க் கோட்டைக்கு உரியவர், ஆழிநங்கையார் அருளிய ஆணைப்படி, அவருடைய விறகுத்துறை அமைச்சி வேண்மாள், மரமடர்ந்த நெடுங்கான நாட்டுக் கோமான் அருமணிக்கோ அவர்களுக்கு வரைந்து விடுக்கும் ஓலை. தங்கள் காடுகள் தழைக்க. தங்கள் யானைகள் பெருக. தங்கள் முழங்கால் வலி தணிந்ததென்று கேட்டு எங்கள் அரசியார் மெய்யாகவே மகிழ்ந்தார்.

எங்கள் நாட்டு ஓலைகளில் எழுதுபவர் தம்மை ‘நான்’ என்று சொல்லிக்கொள்வதில்லை. அயலாரைப் போலப் பெயர் சொல்லியே எழுத வேண்டும். காரியத்தின்போது தம் நெஞ்சில் ஓடிய எதையும் மறைக்கவும் கூடாது. இவ்விரண்டு விதிகளும் சேர்ந்தால் அமைச்சர்கள் படும் பாட்டைத் தாங்கள் இனிவரும் வரிகளில் காணலாம்.

வழக்கமான நாற்பது கப்பல் விறகும் வேண்டுமானால் எங்கள் துறைமுக வாயை அடைக்கும் சங்கிலியின் திறவுகோலைத் தங்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்றும், ஒரே ஒரு கப்பல் கேட்டாலும் நிபந்தனை அதுவே என்றும் தாங்கள் பங்குனியில் எழுதிய ஓலை அவையில் வாசிக்கப்பட்டது. ‘சோறு பொங்கவும் எங்கள் சுள்ளியை எதிர்பார்க்கும் மணல்திட்டு’ என்ற வரியோடு வாசிப்பு நிறுத்தப்பட்டது. அரசியார் வேண்மாளைப் பார்த்து, ஒரு சுள்ளியும் இல்லாமல் இந்த நாடு வாழுமா என்று வினவினார். வாழும் என்றாள் வேண்மாள். அது அவளுக்குத் தெரியாது. கோபம் அவளை முந்திக்கொண்டு பேசிவிட்டது. அவைப்படியில் இறங்கும்போதுதான், விறகில்லாமல் நாடு வாழ்ந்தால் விறகமைச்சி எதற்கு என்ற கேள்வி அவளுக்கு உறைத்தது. ஒன்பது ஆண்டுகளாக அந்தப் பதவியே அவளுக்குப் பெயர், முகவரி, நிமிர்ந்த கழுத்து எல்லாம். ஆயினும் தேடப் புறப்பட்டாள்.

முதலில் காற்று. வடமுனைக்கு அதை அளக்கச் சென்ற அதிகாரி ஓலைக்குடையோடு சென்று தலைமுடியோடு மட்டும் திரும்பினார். குடை தங்கள் நாட்டுக் கரையில் ஒதுங்கியிருந்தால் திருப்பி அனுப்ப வேண்டாம். அளவைக்கு அதுவே சான்று. இன்று அம்முனையில் பதினாறு பாய்ச்சக்கரங்கள் சுழன்று நெல் குத்துகின்றன, நீர் இறைக்கின்றன. ஆனால் காற்று அரிசியை வேகவைக்காது.

அடுத்தது வெயில். இதில் எங்களுக்குக் குறை வைக்காத தெய்வம் தலைக்கு நிழலைத்தான் குறைத்துவிட்டது. வெண்கலத் தட்டங்களைத் துலக்கி வட்டமாக நிறுத்தி, ஒளி குவியுமிடத்தில் பானையை வைத்தால் பருப்பு வேகிறது. எட்டிப் பார்த்த அவைப்புலவருக்குப் புருவம் போயிற்று. அவருடைய முகத்தில் இப்போது எப்போதும் ஒரு வியப்பு இருப்பதால், பிறர் கவிதையைக் கேட்கும்போது நல்ல பெயர் வாங்குகிறார்.

மூன்றாவதாகக் கிடைத்ததுதான் பெரிது. தென்கரைப் பாறைகளுக்கிடையே பூமிக்குள்ளிருந்து வெந்நீர் பொங்குகிறது. பானையை இறக்கினால் ஆயிரம் பேருக்குச் சோறாகும். கடல் ஏறினால் ஊற்று முழுகிவிடும், வற்றினால் வெளிப்படும். வற்றும் நேரமோ நாளுக்கு இரண்டு நாழிகை தள்ளிப்போகும். ஆகவே அரண்மனை உணவும் நாளுக்கு இரண்டு நாழிகை தள்ளிப்போகிறது. மந்திரிகள் கரையை எட்டிப் பார்த்த பிறகே அவைக்குக் கிளம்புகிறார்கள். சோதிடர் கணித்த எந்த நல்ல நேரத்திலும் எவருக்கும் பசிப்பதில்லை. மடைப்பள்ளித் தலைவர் பூதனார் வேண்மாளை வழிமறித்துச் சொன்னதை, சாட்சிச் சொல் திருத்தப்படலாகாது என்ற விதிப்படி அப்படியே தருகிறோம்:

“ஏன் அமைச்சியம்மா, போன வாரம் வெயிலேற சோறு வெச்சேன். இந்த வாரம் உச்சி சாஞ்சு வெக்கிறேன். அடுத்த வாரம் காலைக் கஞ்சிய வெளக்கு வெச்சுதான் குடிக்கணும். அரசி வயித்துக்குக் கடலைக் காவலுக்குப் போட்டுட்டீங்களே, நல்லாருப்பீங்களா?”

இருந்தும் நாடு பழகிவிட்டது. ஆவணி மாதத்தில், அவ்வூற்றில் முட்டை அவிக்கும் நண்டுக்காரப் பெண்ணொருத்தி வேண்மாளிடம், “அடமழ புடிச்சா பதினோரு நாளைக்குக் கடலு எறங்காது தாயி. வெயிலும் வராது. அந்தப் பதினோரு நாளு இந்த ஊத்த நம்பினீங்க, பட்டினிதான்” என்றாள்.

அந்தச் சொல்லைக் கேட்டு வேண்மாள் மகிழ்ந்தாள். இதை எழுதக் கை கூசுகிறது, ஆனால் விதி விதிதான். பதினோரு நாளுக்கு ஒரு கப்பலாவது வேண்டும், கப்பல் வந்தால் துறை வேண்டும், துறைக்கு அமைச்சி வேண்டும் என்று அவள் நெஞ்சு கடகடவென்று கட்டடம் கட்டியது. வீட்டுக்குப் போய் ‘ஒரு கப்பல் இன்றியமையாதது’ என்று ஓர் ஓலையும் வரைந்தாள். அழகான கையெழுத்து. அவ்வளவு அழகாக அவள் எழுதி ஆண்டுகளாயின; அதனால்தான் அவளுக்கே சந்தேகம் வந்தது. அந்த ஒரு கப்பலுக்கு விலை துறைமுகத் திறவுகோல் என்பது அவளுக்கு மறந்தா போயிற்று? மறக்கவில்லை. சற்று நேரம் வேறு பக்கம் பார்த்திருந்தாள், அவ்வளவே.

மறுநாள் ஓலையையும் அதை வரைந்த காரணத்தையும் அரசியார் முன் வைத்தாள். அரசியார் ஓலையைச் சுருட்டித் தள்ளிவைத்தார். பிறகு பூதனாரை அழைத்து, பதினோரு நாள் நெருப்பில்லாமல் மக்களுக்கு என்ன தருவாய் என்று வினவினார். “அவலு இருக்கு, தேங்காப்பாலு இருக்கு, பழமிருக்கு, ஊறப்போட்ட மீனிருக்கு. திட்டுவாங்க. சாவ மாட்டாங்க” என்றார் பூதனார். அதுவே போதும் என்று அரசியார் திருவாய் மலர்ந்தார்.

இவ்வோலை எழுதப்படும் இன்று அடைமழையின் பதினோராம் நாள். மக்கள் திட்டினார்கள், பெரும்பாலும் வேண்மாளை, பெயர் சொல்லியே. மூத்த அமைச்சர் ஒருவர் தம் கட்டிலின் ஒரு காலை எரித்து வெந்நீரில் குளித்தார். இப்போது சரிந்து உறங்குகிறார். எவரும் சாகவில்லை. விடியலில் கடல் ஒரு முழம் இறங்கியிருப்பதாகத் தென்கரையிலிருந்து செய்தி வந்துள்ளது.

ஆகவே அரசியார் ஆணை இது: நெடுங்கானத்து விறகுக் கப்பல் ஒன்றும் வர வேண்டியதில்லை. துறைமுகத் திறவுகோல் இருக்குமிடத்தில் இருக்கும். நட்போடு வரும் எக்கலத்துக்கும் சங்கிலி தாழும். வெண்டிரை நாட்டில் விறகுத்துறை இன்றோடு ஒழிகிறது. வேண்மாளுக்கு வேறு பதவி உண்டா என்று அரசியார் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. கேட்காதிருப்பது எளிதாகத்தான் இருக்கிறது என்று எழுதத் தொடங்கினாள். அது பொய்யாகையால் எழுதவில்லை.

கீழே காண்பது விறகுத்துறையின் முத்திரை. கடைசி முறையாகப் பதிகிறது. தங்கள் காட்டுத் தேக்கில் செதுக்கியது, நன்றாகக் காய்ந்தது. எழுதும் அறையின் வாசலில் பூதனார் மிளகும் சுக்கும் இட்ட சிறு பானையோடு நிற்கிறார். “பதினோரு நாளா தொண்டை கட்டியிருக்கு அமைச்சியம்மா, பதிச்சாச்சுன்னா கட்டையக் குடுங்க. கஷாயத்துல பாதி உங்களுக்கு” என்கிறார்.

பதித்தாயிற்று. கொடுத்தாயிற்று.

இவ்வாணை அறிக. வாழ்க தங்கள் காடு.