நான் வாசித்துச் சொல்லாத வரி

அக்கா,

போன மாதம் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், வேலைக்குப் போகும் தாய்மார் விட்டுப்போன குழந்தைகளுக்குப் பால்மா கரைத்துக்கொண்டிருந்தேன். வானொலியில் செய்தி போனது. ஆஸ்திரேலியாவில் பூர்வகுடி மக்களின் பிள்ளைகளை முன்பு அரசாங்கமே தாய்மாரிடமிருந்து பிரித்துக் கொண்டுபோனதாம். அதற்காக அந்த நாட்டுப் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டாராம். உங்கள் சின்ன மகள்தான் கண்முன் வந்தாள்.

தொண்ணூற்று மூன்றில் அவளுக்கு மூன்று வயது. உங்கள் வீட்டுக்காரர் இறந்து, நீங்களும் காய்ச்சலில் கிடந்த மாதம். கண்டியில் பிள்ளைகள் இல்லம் நடத்தும் பெண் ஒருத்தி ஜீப்பில் வந்தாள். பிள்ளையைப் படிக்க வைப்பதாகவும் தீபாவளிக்குக் கூட்டி வருவதாகவும் சிங்களத்தில் சொன்னாள். நம் லயத்து வீடுகளில் சிங்களம் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அவள் கொடுத்த தாளை நீங்கள் என்னிடம் நீட்டினீர்கள்.

"என்னா புள்ள போட்டிருக்கு இதுல?"

பிள்ளையை நிரந்தரமாக ஒப்படைக்கிறேன் என்று போட்டிருந்தது. வாசித்தேன். வாசித்துவிட்டு, "படிக்க வைக்கிறதுக்குத்தான் அக்கா, கைநாட்டு வைங்க" என்றேன். அங்கேயாவது பிள்ளை வயிறாரச் சாப்பிடும் என்று நினைத்தேன். அது பாதி உண்மை. ஜீப்பில் வந்தவளை எதிர்த்துப் பேச எனக்குப் பயமாகவும் இருந்தது.

இரண்டு தீபாவளி வந்து போனது. பிள்ளையைக் கூட்டி வரவில்லை. நாம் இருவரும் ரயிலேறிக் கண்டிக்குப் போனோம். பிள்ளையை வெளிநாட்டுக்காரர்களுக்குத் தத்துக் கொடுத்தாயிற்று என்று சொல்லி, உங்கள் கைநாட்டையே காட்டினார்கள். திரும்பும்போது நம் வட்டகொடை ஸ்டேஷன் வரைக்கும் நீங்கள் அழவேயில்லை. இறங்குகிற நேரம் கேட்டீர்கள்.

"ஒனக்கும் அந்த எழுத்து வெளங்கலையா புள்ள?"

"இல்லக்கா."

"நாந்தான் புத்தியில்லாம கைய வச்சிட்டேன்" என்று உங்களையே திட்டிக்கொண்டீர்கள். அதன்பின் பத்து வருடம் உயிரோடு இருந்தீர்கள். நான் பக்கத்துக் காம்பராவிலேயே இருந்தும் ஒருநாளும் சொல்லவில்லை.

செய்தி கேட்ட அன்று மத்தியானம் உங்கள் மூத்தவள், மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவள், தன் குழந்தைக்குப் பால் கொடுக்க வந்தாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மன்னித்துவிடு என்றேன். குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"மன்னிப்ப எங்கம்மாகிட்ட கேட்டிருக்கணும். எனக்கு என் தங்கச்சி எங்க இருக்கான்னு தெரியணும்."

மறுநாளிலிருந்து குழந்தையை அவள் என்னிடம் விடுவதில்லை. மாமியாரிடம் விட்டுப் போகிறாள்.

போன வாரம் அவளே வந்து கூப்பிட்டாள். கண்டிக்குப் போனோம். ரயிலில் என் பக்கத்தில் உட்காரவில்லை. இல்லத்தில் இப்போது வேறு ஆட்கள். எந்த நாடு என்று சொல்ல அவர்களுக்கு அனுமதி இல்லையாம். பிள்ளையின் பழைய கோப்பு ஒன்றை மட்டும் எடுத்து வந்தார்கள்.

"நீங்க செஞ்சத நீங்களே இதுல எழுதி வைங்க" என்றாள் மூத்தவள்.

சிங்களத்திலும் தமிழிலும் எழுதினேன். இந்தத் தாய் தன் பிள்ளையை விட்டுக்கொடுக்கவில்லை, தாளில் இருந்தது அவருக்குத் தெரியாது, தெரிந்தும் மறைத்தவள் நான் என்று. கீழே என் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் போட்டேன்.

உங்கள் சின்னவளுக்கு இப்போது பதினெட்டு வயது. என்றைக்காவது அவள் அந்தக் கோப்பைத் திறந்தால், உங்களை வெறுக்க மாட்டாள் அக்கா. யாரை வெறுப்பது என்று அதில் இருக்கிறது. அவள் வரவேண்டும் என்றும் எனக்கு இருக்கிறது, வந்துவிடுவாளோ என்று பயமாகவும் இருக்கிறது. வந்தால் ஓடி ஒளியக்கூடாது என்று தினமும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.