இருமுக முரசும் இரு சிற்றப்பன்மாரும்

வாகைப்பூ முத்திரை துலங்குக. நெடுங்கரை நாட்டின் வாய்க்கால்கள் வற்றாது ஓடுக. மாடவெளி நகரிலிருந்து தலைமை அமைச்சர் கண்டீரனார், குறுமலைக் கோட்டைத் தலைவர் பண்ணனார்க்கு விடுக்கும் ஓலை. உம் மதில் உறுதியாயும் உம் குதிரைகள் நலமாயும் இருக்க. உம் சிறையிலுள்ள இருவரும் இன்னும் தனித்தனி அறைகளிலேயே இருக்க.

மறைந்த மன்னரின் இளவல்களும் நம் இளவரசி இளவெயினியாரின் சிற்றப்பன்மாருமாகிய கடுங்கோடனாரும் நஞ்சிறையனாரும், இந்நாட்டு முடியை ஆளுக்கொரு வழியில் கவர முயன்று வருவது நீர் அறிந்ததே. சென்ற கோடையில் அரண்மனைக்குள் ஆளுக்கொரு சுரங்கம் அகழ்ந்து, நடுவில் சந்தித்து, ஒருவரையொருவர் கள்வரெனப் பிடித்து நம் காவலரிடம் ஒப்படைத்தனர். அவ்வுதவிக்கு அரசு நன்றி கூறியது. இம்முறை இருவரும் முதன்முறையாக ஒன்றுகூடி நம் இருமுகப் பெருமுரசைக் கவர்ந்து சென்றனர்; ஒற்றுமை அவ்வளவில் முடிந்தது.

முடி தலையில் அமரும் கணத்தில், சூடுவோரின் குருதியுறவினர் ஒருவர் தம் கையால் இம்முரசை அறைதல் வேண்டும். அறைந்தவர் அம்முடிமேல் தமக்குள்ள உரிமையை அக்கணமே இழப்பார். இம்மரபை முரசைக் கவருமுன் நினைத்துப் பார்க்க இருவருள் ஒருவருக்கும் ஓய்வு கிடைக்கவில்லை போலும். மூன்று நாள் குறுமலைக் குகையொன்றில் ஒருவர் கையில் மற்றவர் முரசறையும் தடியைத் திணித்தபடி இருந்தனரென்றும், "தம்பி, உனக்குத் தோள் பெரிது, நீ அடி; எனக்குத் தலை பெரிது, நான் சூடுகிறேன்" என மூத்தவரும், "அவ்வளவு பெரிய தலையில் எந்த முடியும் ஏறாது அண்ணா, தடியைப் பிடி" என இளையவரும் இயம்பினரென்றும் உம் ஓலை கூறுகிறது.

நான்காம் நாள், தடியைத் தள்ளும் போரில் முரசு மும்முறை அதிர்ந்தது. முடி ஒருவர் தலையிலும் இல்லாமையால் அவ்வொலி எவருக்கும் உரிமை தரவுமில்லை, பறிக்கவுமில்லை. ஆயினும் முரசொலி கேட்டால் பூவோடு சென்று புதிய அரசரை வாழ்த்துவது குறுமலை ஆயர் வழக்கமாதலின், அவர்கள் கூடைகளோடு குகைக்கு ஏறினர். அரசர் யாரென வினவியபோது, அறைந்தவர் மற்றவரே என இருவரும் சாதித்தனர். அப்போது ஆய்ச்சி ஒருத்தி, "யாரு அடிச்சாங்களோ தெரியல, ஆனா இப்படியொரு சத்தத்த எங்க மலை கேட்டதில்ல" என வியந்தாள். அவ்வளவே போதும். அது தம் கையென மூத்தவரும், தம்முடையதென இளையவரும் அரசுரிமையை மறந்து அடிக்கு உரிமை கோரினர். இவர் அரசரல்லர், முரசு கவர்ந்தவரே எனத் தெளிந்து, மாலை கட்டக் கொணர்ந்த நாரினாலேயே ஆயர் இருவரையும் கட்டி உம்மிடம் ஒப்படைத்தனர். அவ்வழக்கு இன்றும் சிறைச்சுவரின் இருபுறமும் தொடர்வதாக நீர் வருந்தி எழுதியுள்ளீர். வருந்தற்க.

வரும் முழுநிலா நாளில் இளவரசியார் முடி சூடுதல் வேண்டும். அந்நாள் தவறின் பெருங்குடித் தலைவர் எழுவரும் வேறு குலத்தில் அரசரைத் தேடுவர். முரசறைய இளவரசியார்க்கு இவ்விருவரையன்றி உறவினர் இல்லை. வேண்டினால் மறுப்பர், அச்சுறுத்தினால் மகிழ்ந்து மறுப்பர். இதனை எண்ணி நாம் உணவு ஒழித்திருந்தபோது, இளவரசியார் உம் ஓலையை இருமுறை படித்துச் சிரித்து, சிற்றப்பன்மாரைக் கேட்க வேண்டா, ஒப்பிட்டால் போதும் என அருளினார்.

ஆதலின், முரசையும் இருவரையும் தனித்தனி வண்டிகளில் உடனே அனுப்புக. ஆய்ச்சியையும் தக்க மரியாதையுடன் அனுப்புக. மலை கடந்து ஒலித்தது தம்பியின் அடியே என அவள் அண்ணனிடமும், அண்ணனின் அடியே எனத் தம்பியிடமும் வழிநெடுகக் கூறுக. உம் வீரர் கூறின் நம்பார். அவையில் முரசின் முகத்துக்கு ஒருவராக, நிறை ஒத்த தடிகளோடு இருவரும் நிற்பர். இன்னுமொரு முறை கேட்டாலன்றித் தன்னால் துணிய இயலாதென ஆய்ச்சி உரைப்பாள். தடிகள் ஓங்கும்; அவை முரசில் வீழும் கணத்தில் இளவரசியார் தலையில் முடி அமரும். அதன்பின் எத்துணை முறை அறையினும் தடுக்க வேண்டா. விழாவுக்கு ஒலி வேண்டும்.

வாகை முத்திரை இட்டோம். இறுதியாக ஓர் ஆணை: எவர் அடி பெரிதென்னும் தீர்ப்பை ஆய்ச்சி தன் வாழ்நாளில் எவரிடமும் கூறாதிருக்க. இந்நாட்டின் அமைதி அதில் உள்ளது.