ஆறாவது படி

மார்ச் 4, செவ்வாய்

வண்டியைப் பார்க்க ஒருவர் வந்தார். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. செருப்பை வாசலில் ஜோடியாக விட்டார். அதனால் உள்ளே வரச் சொன்னேன்.

ஷெட்டில் போர்வையை எடுத்ததும் அவர் வண்டியை ஒரு முறை சுற்றி வந்தார். ஜப்பான் மோட்டார் சைக்கிள், அறுநூற்றைம்பது சி.சி. இந்த ரகத்துக்கு ‘நேக்கட்’ என்று பெயர். எஞ்சினை மறைக்க உறை கிடையாது. குழாயும் எலும்பும் எல்லாம் வெளியே. ஒன்பது வருடம் முன்பு என் கணவர் இதை வாங்கி வந்து பெயரைச் சொன்னபோது, “எங்க கான்வென்ட் சிஸ்டர்ஸ் பார்த்தா பெட்ஷீட் போட்டு மூடச் சொல்வாங்க” என்றேன். மறுநாளே ஒரு பெட்ஷீட் வாங்கி வந்து மூடினார். அதுதான் அந்தப் போர்வை.

அவர் போய் நான்கு மாதம் ஆகிறது. வண்டி சும்மா நிற்கிறது. விற்றுவிடலாம் என்று நான்தான் முடிவு செய்தேன்.

வந்தவர் குனிந்து பின் ஸ்பிரிங்கைப் பார்த்தார். “ஏழு படியில ஆறுல வச்சிருக்கார். ரெண்டு பேர் போற செட்டிங்மா இது. நீங்களும் சாரும் நல்லா சுத்தியிருக்கீங்க போல.”

ஆமாம் என்று தலையாட்டினேன்.

நான் அந்த வண்டியில் ஒரு நாள்கூட ஏறியதில்லை.

மார்ச் 6, வியாழன்

வண்டியின் கையேட்டைப் படித்தேன். ஆங்கிலம் மோசம், நான்கு இடங்களில் சிவப்புப் பென்சிலால் திருத்தினேன். ஆனால் விஷயம் தெளிவாக இருக்கிறது. ஸ்பிரிங்கின் கழுத்தில் படி வெட்டிய ஒரு வளையம். அதைத் திருப்பத் திருப்ப ஸ்பிரிங் முன்கூட்டியே அழுந்தி விறைப்பாகும். தனி ஆளுக்கு மூன்றாவது படி. பின்னால் ஒருவர் உட்கார்ந்தால் ஆறு. தானாக நகராது. ஸ்பேனர் போட்டுக் கையால் திருப்ப வேண்டும்.

ஆக, திருப்பியிருக்கிறார்.

யாருக்காக?

மார்ச் 7, வெள்ளி

மகளிடம் சொல்லக் கூடாது என்றிருந்தேன். போனில் சொல்லிவிட்டேன். “அம்மா, டீயில சர்க்கரை போட்டுக் குடிச்சதையே அப்பாவால உன்கிட்ட மறைக்க முடியாது” என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

ஞாயிறு காலை ஆறரைக்குக் கிளம்புவார். முதல் வருடம் முழுக்க, சாவியை வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்று, “வர்றியா?” என்று கேட்பார். நான் முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் இருந்தவள். அதில் பதினொன்று தலைமையாசிரியை. என் பழைய மாணவிகள் நடமாடும் தெருவில் நான் காலைத் தூக்கிப் போட்டு ஏறுவதா? ஒரு நாள் எரிச்சலில் சொன்னேன்: “பின்னாடி உட்கார வேற ஆளைப் பார்த்துக்கங்க.”

அதற்குப் பிறகு கேட்கவே இல்லை.

பார்த்துக்கிட்டாரா? நான் சொன்னதைத்தானே செஞ்சார். எட்டு வருஷம். எவ அவ? எந்தத் தெரு? அவ ஒரு வார்த்தை பேசாம ஏறி உட்கார்ந்தாளா? எனக்கு எப்படி ஒண்ணுமே தெரியாமப் போச்சு — நான் எதைப் பார்த்துக்கிட்டிருந்தேன்?

மார்ச் 10, திங்கள்

கூடத்திலிருந்த அவர் படத்தை எடுத்து அலமாரிக்குள் வைத்தேன்.

மார்ச் 13, வியாழன்

மெக்கானிக்கை வரச் சொன்னேன். ஒன்பது வருடமும் வண்டியைப் பார்த்தவர் அவர்தான். நேராகக் கேட்டேன்: “சார் யாரைப் பின்னாடி வச்சுக்கிட்டுப் போவார்?” குரல் நடுங்கக் கூடாது என்று கண்ணாடி முன் சொல்லிப் பழகியிருந்தேன். நடுங்கியது.

அவர் உட்கார்ந்து, பின்னால் கால் வைக்கும் கட்டையை மடக்கிலிருந்து இழுத்தார். கிறீச்சென்றது. “இங்க பாருங்க டீச்சரம்மா. புது ரப்பர்ல நீட்டிக்கிட்டிருக்கிற அச்சுப் பிசிறுகூட அப்படியே இருக்கு. ஒரு செருப்பு பட்டிருந்தா இது நிக்குமா?”

“அப்ப ஸ்பிரிங்?”

“ஒவ்வொரு சர்வீஸுக்கும் சண்டை போட்டேன். தனியா போறீங்க சார், ஆறுல வச்சா கட்டை மாதிரி தூக்கி அடிக்கும், முதுகு போயிடும், மூணுக்கு இறக்கிடறேன்னு. கேட்டாத்தானே. ‘இருக்கட்டும்பா. அவ திடீர்னு வர்றேன்னு சொல்லிட்டா நான் ஸ்பேனரைத் தேடிக்கிட்டு நிக்க முடியுமா? அதுக்குள்ள மனசு மாறிடுவா’ன்னுட்டாரு.”

கட்டையை மடக்கிவிட்டு எழுந்தார். டீ கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனார். நான் ஷெட்டிலேயே இருந்தேன்.

மார்ச் 14, வெள்ளி

முதுகு.

ஞாயிறு மதியம் வந்து குப்புறப் படுப்பார். நான் தைலம் தேய்ப்பேன். தேய்த்துக்கொண்டே, “வயசுக்கேத்த வண்டியா வாங்கியிருக்கணும்” என்பேன். ஒரு வாரம் விட்டதில்லை. “ரோடு சரியில்ல” என்பார். அவ்வளவுதான்.

எட்டு வருஷம் ரோட்டு மேல பழியைப் போட்டார். என் கையாலதானே தேய்ச்சேன். ஒரு தடவை ஏன் வலிக்குதுன்னு கேட்டேனா? திட்டத்தானே செஞ்சேன்.

படத்தைத் திரும்ப மாட்டினேன். சற்றுச் சாய்ந்திருக்கிறது. இருக்கட்டும்.

மார்ச் 16, ஞாயிறு

மெக்கானிக்கை ஆறரைக்கு வரச் சொன்னேன். மகளின் பழைய பேன்ட், அவர் விட்டுப்போன ஹெல்மெட். ஏறுவதற்கு நாற்காலி போட வேண்டியிருந்தது. எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது. நன்றாகத் திறக்கட்டும்.

இரண்டு பிஸ்டனும் சேர்ந்து ஏறி இறங்காது, ஒன்று முந்தும், ஒன்று பிந்தும், அதில்தான் அந்தத் துடிப்பு என்று ஒரு முறை அவர் விளக்கினார். பாதியில் எழுந்து போய்விட்டேன். இன்று அது இருக்கை வழியாக உடம்புக்குத் தெரிந்தது.

பாலம் வரை போனோம். வேகத்தடை வந்தபோது பல்லைக் கடித்துக்கொண்டேன். ஒன்றுமே இல்லை. மெத்தென்று ஏறி இறங்கியது. மெக்கானிக் தலையைத் திருப்பாமல் சொன்னார்: “பார்த்தீங்களா டீச்சரம்மா. இதுக்குத்தான் வச்சிருந்தாரு.”

எனக்கு முன்னால் இருந்தது அவர் முதுகு இல்லை.

மார்ச் 18, செவ்வாய்

வைத்துக்கொள்ளேன் என்றாள் மகள். ஓடாமல் நிற்கிற வண்டி அவருக்குப் பிடிக்காது. பரிசோதனை நிலையத்துக்காரர் பதினோரு மணிக்கு வந்து எடுத்துக்கொண்டு போனார். தனியாகத்தான் ஓட்டுவாராம்.

அதற்கு முன் மெக்கானிக் ஸ்பேனரைப் பொருத்திக் கொடுத்தார். திருப்பியது நான். ஐந்து. நான்கு. மூன்று. ஒவ்வொரு படிக்கும் ஒரு சத்தம்.

தனி ஆளுக்கு மூன்று. கையேட்டில் அப்படித்தான் போட்டிருக்கிறது.